உடன்பிறந்தாரிடம் மறைக்க வேண்டாம்

பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்ததும், "யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்" என்று கேட்டுக்கொள்ளும் குடும்பங்கள் பல. மணம் பேசும் வயதில் மகள் இருப்பாள், ஊர்ப்பேச்சுக்கு அஞ்சுவர். அவ்வச்சம் புரிகிறது. ஆயினும் உடன்பிறந்தாரிடமும் பிள்ளைகளிடமும் இந்நோயை மறைப்பது தவறு என்பதே என் கருத்து.

உயிரணு பிரியும்போது மரபுச்செய்தியைப் படியெடுப்பதில் பிழைகள் நேர்கின்றன. தறியில் அறுந்த இழையைக் கண்டு பிணைக்கும் நெசவாளியைப் போல, அப்பிழைகளைத் திருத்தும் மரபணுக்கள் நமக்குண்டு. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 முதலிய அவற்றுள் ஒன்று பிறவியிலேயே பழுதுற்றிருப்பது லிஞ்ச் சிண்ட்ரோம் எனப்படும். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு சரிபாதி. இது மேலைநாட்டாருக்கு மட்டும் உரியதன்று. அடையாறு புற்றுநோய் நிலையத்தார் இந்திய நோயாளரிடம் இவ்விரு மரபணுக்களையும் ஆராய்ந்து 2004-ஆம் ஆண்டிலேயே முடிவுகளை வெளியிட்டனர்.

"எங்கள் வழியில் எவருக்கும் இல்லையே" என்பர் சிலர். உண்மைதான்; பெரும்பாலான நோயாளருக்கு இத்தகைய பரம்பரைக் காரணம் இருப்பதில்லை. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் சில வகைகள் கோலிபாக்டின் என்னும் நஞ்சைச் சுரந்து டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன. 11 நாடுகளின் 981 நோயாளரை ஆராய்ந்து 2025-இல் வெளியான ஆய்வில், அந்நஞ்சின் தடம் 70 வயதைக் கடந்தவரைவிட 40 வயதுக்குட்பட்டவரிடம் மூன்று மடங்குக்கு மேல் மிகுந்திருந்தது. இதற்கென்று கடையில் மருந்து வாங்கி உண்ண வேண்டாம். இளமை ஒரு காப்பன்று என்று அறிந்தால் போதும். மலத்தில் இரத்தம், நீடித்த மலப்போக்கு மாற்றம், காரணம் தெரியாத இரத்தசோகை ஆகியவற்றைக் கண்டால், மூலம் என்று நீங்களே முடிவு செய்யாது மருத்துவரிடம் காட்டுங்கள்.

நோயுற்றவரின் உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் 40 வயதிலோ, அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னரோ, எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோபி செய்துகொள்வது நன்று. லிஞ்ச் உறுதியானால் 20 முதல் 25 வயதுக்குள்ளேயே தொடங்க வேண்டும். புற்றாக மாறக்கூடிய சிறு கட்டிகளைப் பரிசோதனையின்போதே பெரும்பாலும் அகற்றிவிடலாம்.

ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி அடிவாரம் வரும் தோட்டத் தொழிலாளிக்கு, பரிசோதனை என்பது கூலி இழப்பு. நோவில்லாத உடலோடு அவர் வருவதற்கு வலுவான காரணம் வேண்டும். அதை எடுத்துச் சொல்லக்கூடியவர் நோயுற்ற நீங்களே. அடுத்த முறை வரும்போது, குடும்பத்தில் எவருக்கு, எந்த வயதில், குடலிலோ கருப்பையிலோ வேறெங்கோ புற்றுநோய் வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி வாருங்கள். அந்தத் தாள் உங்கள் தம்பியின் உயிரைக் காக்கக்கூடும்.