மின்சாரப் பில்லில் சர்க்கார் கழிவு

சென்ற ஜமாபந்தி சமயத்தில் ஒரு கிராமச் சாவடியில் உட்கார்ந்திருந்தோம். ஐந்து ஏக்கர் நஞ்சைக்கு உடையவரான ஒரு பெரியவர் தம் வீட்டு மின்சார அட்டையைக் கொணர்ந்து எங்கள் முன் வைத்து, "ஐயா, இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் சர்க்கார் இனாம் என்று சொல்லுகிறார்கள். இந்த அட்டையில் அது எந்த இடத்தில் எழுதியிருக்கிறது, காட்டுங்கள்" என்று கேட்டார். அட்டையை முன்னும் பின்னும் புரட்டினோம். தேதி, மீட்டரில் கண்ட அளவு, செலவான யூனிட், செலுத்த வேண்டிய ரூபாய், கணக்கெடுத்தவரின் கையொப்பம் ஆகிய இவையே அதில் இருந்தன. இனாம் எங்கும் காணப்படவில்லை. அவர் கழிவைப் பெற்றுத்தான் இருந்தார். ஆயினும் பெற்றதாக அவருக்குக் காட்ட ஓர் எழுத்தும் இல்லை.

கிராமக் கணக்கில் பழகினவர்களுக்கு இது விநோதமாகவே தோன்றும். பயிர் சாவியாய்ப் போன வருஷத்தில் தீர்வை வஜா கொடுத்தால் கணக்குப்பிள்ளை யாது செய்தார்? முழுத் தீர்வையை முதலில் எழுதினார். வஜாவை அதன்கீழ்க் கழித்தார். மிஞ்சிய தொகையையே குடியானவர் கட்ட வேண்டிய கிஸ்தியாகக் கண்டார். நிகரத் தொகையை மாத்திரம் எழுதிவிட்டு, "வஜா இதற்குள் அடக்கம்" என்று சொல்லியிருந்தால் எந்தத் தாசில்தாரும் அக்கணக்கை ஒப்புக்கொண்டிரார். மானியம் என்ற சொல்லே நமது ஊர்களில் தீர்வை நீக்கப்பட்ட நிலத்துக்கு வழங்கிய சொல். மானிய நிலத்துக்கும் சர்வே நம்பர் உண்டு, விஸ்தீரணம் உண்டு, இன்ன தீர்வை நீக்கப்பட்டது என்ற கணக்கும் உண்டு. மின்சார மானியத்துக்கு மட்டும் அந்த முறை ஏன் கூடாது என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் கேள்வி.

முதலில் அதன் அமைப்பைத் தெரிந்துகொள்வது அவசியம். ஒரு யூனிட்டுக்கு இன்ன விலை என்று விதிப்பது சர்க்கார் அன்று. அதற்கென ஏற்பட்ட மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அவ்விலையில் ஒரு பகுதியைக் குடிகளுக்காகத் தானே ஏற்க விரும்பும் சர்க்கார், அத்தொகையைக் கஜானாவிலிருந்து மின்பகிர்மானக் கழகத்துக்கு முன்னதாகவே செலுத்திவிட வேண்டும் என்று 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம் 65-ஆவது பிரிவில் விதித்திருக்கிறது. அப்படிச் செலுத்தப்படாவிட்டால் சர்க்காரின் உத்தரவு செல்லாது. ஆணையம் விதித்த முழு விலையே அமலாகும். ஆகவே ஒவ்வொரு வீட்டுப் பில்லிலும் மூன்று தொகைகள் மறைந்து நிற்கின்றன: ஆணையத்தின் விலைப்படி ஆன முழுத்தொகை, சர்க்கார் ஏற்ற தொகை, குடித்தனக்காரர் செலுத்தும் தொகை. அட்டையில் எழுதப்படுவது மூன்றாவது மாத்திரமே. கட்டண விவரத்தைத் தனியே கேட்டு வாங்கிப் பார்ப்பவருக்கே முதல் இரண்டும் புலப்படும்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டை இலவசமாக்கிய உத்தரவு 2016 மே 23-இல் பிறந்தது. 2022 செப்டம்பர் 10-இல் அமலுக்கு வந்த விலைப்பட்டியலைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதில் 400 யூனிட் வரையில் ஒரு யூனிட் விலை 4 ரூபாய் 50 காசு. ஒரு வீட்டில் இரண்டு மாதத்தில் 340 யூனிட் செலவாயிற்று என்று வைத்துக்கொள்வோம். முழுத்தொகை 1,530 ரூபாய். முதல் நூறு யூனிட்டின் விலையான 450 ரூபாயைச் சர்க்கார் முழுவதும் ஏற்கிறது. அடுத்த நூறு யூனிட்டில் பாதி விலையை, அதாவது 225 ரூபாயை ஏற்கிறது. ஆகக் கழிவு 675 ரூபாய். வீட்டார் கட்டுவது 855 ரூபாய். அட்டையில் இந்த 855 மட்டுமே ஏறும். முதல் நூறைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது. இரண்டாவது நூறில் பாதி கிடைப்பதை நாம் விசாரித்த பத்துப்பேரில் ஒருவர்கூட அறிந்திருக்கவில்லை.

அறியாமையால் நஷ்டம் என்ன என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் ஐந்நூறாவது யூனிட்டில் காத்திருக்கிறது. மேற்படி பட்டியலின்படி 500 யூனிட் செலவழித்தவர் கட்டியது 1,725 ரூபாய். 501 யூனிட் செலவழித்தவர் கட்டியது 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் வித்தியாசம். அந்த யூனிட்டின் விலை இதில் 8 ரூபாய்தான். மீதி 225 ரூபாய், ஐந்நூறைத் தாண்டினவர்களுக்கு இரண்டாவது நூறின் பாதிக் கழிவு இல்லை என்ற விதியால் வந்தது. கழிவு அட்டையில் எழுதப்பட்டிருந்தால், சென்ற தடவை 675 என்றும் இந்தத் தடவை 450 என்றும் பார்த்த மாத்திரத்தில் காரணம் விளங்கியிருக்கும். எழுதப்படாமையால் என்ன நேருகிறது? மீட்டர் ஓடுகிறது என்கிறார்கள். கணக்கெடுக்க வந்தவர் தப்பாக எழுதினார் என்கிறார்கள். கம்பத்தில் எவனோ கொக்கி போடுகிறான் என்றும் சொல்லுகிறார்கள். வாசலில் வந்து நிற்கும் கணக்கெடுப்பாளர் கேட்கும் வசைக்கு அளவில்லை. இன்னொரு தப்பபிப்பிராயமும் உண்டு. ஐந்நூறைத் தாண்டினால் முதல் நூறும் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அது போவதில்லை.

இதைவிட நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. கழிவு இரண்டு மாத அளவைக்கொண்டு கணக்கிடப்படுகிறது; அந்த இரண்டு மாதமோ கணக்கெடுப்பவர் வரும் நாளைப் பொறுத்திருக்கிறது. நாள் ஒன்றுக்கு ஏழரை யூனிட் செலவாகும் வீட்டில் அறுபது நாளுக்கு 450 யூனிட் ஆகும். ஒரு வாரம் தாமதித்து அறுபத்தேழாம் நாள் கணக்கெடுத்தால் 502 ஆகிவிடும். அதிகப்பட்ட யூனிட்டுகள் அடுத்த தடவையில் குறைந்து நேராகிவிடும். போன 225 ரூபாய்க் கழிவோ திரும்பி வராது. ஆகையால் மீட்டர்ப் பலகையின் அருகே சுவரில் ஒரு தாளை ஒட்டி, கணக்கெடுத்த தேதியையும் அளவையும் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டாவது எழுதிவைப்பது நலம். நாள் அதிகமாகியிருந்தால் அந்தத் தாளைக் காட்டிப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் விசாரிக்கலாம். வெறும் வாய்ப்பேச்சை எந்த ஆபீஸும் பதிவு செய்வதில்லை.

இவ்விடத்தில் நமது வாசகர்களுக்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. தாலுகா ஊர்களில் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் நிலச்சுவான்தார்கள் அநேகர். குடியிருப்பவருக்குத் தனி இணைப்பு இருந்தால் கழிவு அவர் அட்டையிலேயே சேரும். ஒரே இணைப்பிலிருந்து உப மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இன்ன ரூபாய் என்று வீட்டுக்காரரே வசூலிக்கும் இடங்களில் கழிவு யாருக்குச் சேருகிறது? குடியிருக்கும் ஏழை வாத்தியாருக்கும் தையற்காரருக்கும் என்று கஜானா கொடுத்த தொகை வீட்டுக்காரர் பெட்டியில் விழுகிறது. பலர் இதைத் தெரிந்தே செய்யவில்லை என்று நம்புகிறோம்; பில்லில் கழிவு எழுதப்பட்டிருந்தால் தெரியாமல் செய்வதற்கு இடமிராது. அப்பொழுது குடியிருப்பவரும் கேட்கத் துணிவார்.

கழிவைப் பில்லில் கழிக்காமல் குடிகளின் பாங்குக் கணக்கில் நேரே செலுத்திவிடலாம் என்ற யோசனை அடிக்கடி பிரஸ்தாபிக்கப்படுகிறது. அடுப்பு எரிவாயுவில் அந்த முறை 2015 ஜனவரி 1 முதல் தேசம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. சிலிண்டர் வாங்குபவர் முழு விலை கொடுக்கவேண்டும். சர்க்காரின் பங்கு பின்னர்ப் பாங்கில் வந்து சேரும். முறை நல்லதுபோல் தோன்றும். ஆனால் 2020-இன் மத்தியில் சந்தை விலை இறங்கியபோது பெரும்பாலோர்க்கு இந்த மானியம் வருவது நின்றது. பிறகு விலை ஏறியபோது அது அவர்களுக்குத் திரும்பவில்லை. 2022 மே மாதத்தில் உஜ்வலா திட்டத்தின்கீழ் இணைப்புப் பெற்ற குடும்பங்களுக்கு மட்டும் சிலிண்டருக்கு 200 ரூபாய் என்று ஏற்பட்டு, 2023 அக்டோபரில் அது 300 ரூபாயாயிற்று. மற்ற வீடுகளில் மானியம் நின்ற மாதத்தைச் சரியாகச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? சிலிண்டர் ரசீதில் அது என்றும் எழுதப்பட்டதில்லை. ஆதலால் அது இல்லாமற்போனதையும் ரசீது காட்டவில்லை. பாஸ் புத்தகத்தைப் பதிய வைத்துப் பார்ப்பவருக்கே தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாமல் வரும் உதவி கண்ணுக்குத் தெரியாமல் போகவும் கூடும்.

ஆகவே கழிவு பில்லிலேயே கழிக்கப்படுவது நல்லது. கழித்தது எழுதப்படுவதும் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். சர்க்காருக்கும் இதில் அனுகூலம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் ஆணையத்தின் விலை 4 ரூபாய் 80 காசாக உயர்ந்தது. நூறு யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டில் அன்று ஒரு மாறுதலும் தெரியவில்லை. முன்பும் சூன்யம், பின்பும் சூன்யம். ஆனால் கஜானா அந்த வீட்டுக்காகக் கொடுத்த தொகை 460-லிருந்து 480 ஆயிற்று. கொடுத்தவருக்குச் செலவு, பெற்றவருக்கு அறிவில்லை என்பது எந்த வகையான தர்மம்?

இனி, கிணற்று மின்சாரம். இதைச் சொல்லாமல் விவசாயிகளின் பத்திரிகையில் மின்சாரத்தைப் பற்றி எழுதுவது முறையாகாது. சிறு விவசாயிகளுக்கு 1984-இலும், 1989 முதல் 1991 வரை ஆண்ட அமைச்சரவையின் காலத்தில் எல்லா விவசாயிகளுக்கும் பம்பு செட்டு மின்சாரம் இலவசமாயிற்று. மீட்டர் இல்லாத இந்த இணைப்புகளுக்கு ஆணையம் மோட்டாரின் குதிரைத்திறனுக்கு வருஷம் இவ்வளவு என்று விதிக்கிறது. அதைச் சர்க்கார் கட்டுகிறது. விவசாயி கையில் ஒரு சீட்டும் வருவதில்லை. தம் பேரால் கஜானாவிலிருந்து போகும் தொகை எவ்வளவு என்பதை அவர் அறியார். அன்றியும், அளந்து பாராத இடத்தில் கிணற்றில் உபயோகமானது எவ்வளவு, கம்பியிலும் மின்மாற்றியிலும் வீணானது எவ்வளவு என்பது மதிப்பீடுதான். வீணானதில் ஒரு பகுதி விவசாயியின் தலையில் ஏற்றப்பட்டாலும், இல்லை என்று சொல்ல அவரிடம் ஆதாரம் கிடையாது. பட்டணத்தார் "எல்லா மின்சாரத்தையும் கிணற்றுக்காரர்களே குடித்துவிடுகிறார்கள்" என்று பேசும்போது நாம் வாயடைத்து நிற்பதற்குக் காரணம் இதுவே.

கிணற்றுக்குச் சீட்டு என்றவுடன் விவசாயிகள் அஞ்சுவதை நாம் அறிவோம். இன்று சீட்டு வரும், நாளை பில் வரும் என்கிறார்கள். இந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. 2003-இல் குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்று பணம் கேட்கப்பட்டது. சிறு விவசாயிகளுக்கு உதவித்தொகை மணியார்டரில் அனுப்பப்பட்டது. 2004-இல் பழையபடி இலவசமாயிற்று. அந்த ஒரு வருஷத்தை ஊரில் யாரும் மறக்கவில்லை. மணியார்டர் வந்தும் மனக்கசப்புத் தீரவில்லை. முதலில் கட்டு, பிறகு தருகிறோம் என்பது குடியானவருக்குச் செல்லாது.

நாம் கோருவது அதுவன்று. வருஷத்துக்கு ஒரு தடவை, இணைப்பு எண், குதிரைத்திறன், ஆணையம் விதித்த தொகை, சர்க்கார் ஏற்ற தொகை ஆகிய நான்கையும் எழுதிய ஒரு சீட்டைக் கிணற்றுக்காரருக்குக் கொடுக்கவேண்டும். வீட்டு அட்டையில் செலுத்த வேண்டிய தொகைக்கு முன் இரண்டு கட்டங்கள் சேர்க்கவேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள் இதைக் கிராம சபையில் வாசித்துக் காட்டினால் பாதிச் சச்சரவு அங்கேயே அடங்கும். விவசாயிகளின் அச்சம் தீருவதற்கு, கிணற்றுச் சீட்டின் கடைசி வரியில் "செலுத்த வேண்டியது: ஏதுமில்லை" என்று தடித்த எழுத்தில் அச்சிட்டுக் கொடுப்பதில் கழகத்துக்குப் பெரிய செலவு ஒன்றும் நேராது.