கண்ணொளியும் கூலியும்

கொல்கத்தா மேட்டியாபுரூஜின் தையல் தொழிலாளிக்குக் கண்தான் முதல் கருவி. அது பழுதானால் கூலியும் நின்றுவிடும். நீரிழிவு அக்கருவியை ஓசையின்றிப் பறிக்கிறது. விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து அடைபடுகின்றன. நலிந்த புதுக்குழாய்கள் முளைக்கின்றன. அவை உடைந்து இரத்தம் பெருகும்வரை பலருக்கு வலியும் இல்லை, மங்கலும் இல்லை. எனவே, “கண் தெரியவில்லை” என்று வருபவர் பெரும்பாலும் தாமதமாகவே வருகிறார். இதை அவருடைய அலட்சியம் என்பது எளிது. ஒருநாள் கூலியை இழந்து பெரிய மருத்துவமனையில் வரிசையில் நிற்கச் சொல்லும் ஏற்பாட்டைக் கேள்வி கேட்பதே நேர்மை.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. மேற்கு வங்கத்தில் 13.7 சதவீதம், தமிழகத்தில் 14.4. ஐம்பது வயதைக் கடந்த நீரிழிவாளர்களில் 16.9 சதவீதத்தினருக்கு விழித்திரை பாதிப்பு இருந்ததை 2015-19 தேசியக் கணக்கெடுப்பு கண்டறிந்தது. உரிய காலத்தில் லேசர் சிகிச்சையோ கண்ணுக்குள் செலுத்தும் ஊசியோ கிடைத்தால் பார்வையிழப்பைப் பெருமளவு தடுக்கலாம்.

ஆகவே, அறிவியல் இல்லாமல் இல்லை. அது யாரைச் சென்றடைகிறது என்பதே கேள்வி. விழித்திரைப் படத்தைக் கணினியே படித்து நோயைக் கண்டறியும் முறையை கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டனர். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் அதற்குப் பயன்பட்டன. நம் நோயாளிகளின் கண்களைப் பார்த்துப் பயின்ற கருவி, கொல்கத்தா மாநகராட்சியின் 144 வார்டுகளுக்கும் வந்துசேர வேண்டாமா? ஊசிமருந்தின் கதையும் இதுவே. புற்றுநோய்க்கான பெவசிசுமாப் மருந்தின் ஒரு குப்பியைப் பிரித்துப் பல கண்களுக்குக் குறைந்த செலவில் செலுத்த முடியும். கண்ணுக்கென விற்கப்படும் மருந்துகளோ பன்மடங்கு விலை. இன்சுலினைக் கண்டறிந்தோர் 1923இல் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்திற்குத் தலா ஒரு டாலருக்குக் கொடுத்தனர் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சர்க்கரை மாத்திரை வழங்கும் இடத்திலேயே ஆண்டுக்கொரு முறை விழித்திரைப் படம் எடுக்கப்பட வேண்டும். அதற்கான நிதியை மத்திய, மாநில அரசுகள் ஒதுக்க வேண்டும். 1952இல் கொல்கத்தாவில் ஸ்டூடண்ட்ஸ் ஹெல்த் ஹோமை மாணவர் இயக்கம் கட்டியெழுப்பியது. அந்த மரபு நம்முடையது. தொழிற்சங்கக் கிளைகள் உறுப்பினர்களில் நீரிழிவுள்ளோரின் பட்டியலை இப்போதே தயாரிக்கலாம். பாவையை விரிக்கும் சொட்டுமருந்து விட்டால் சில மணி நேரம் ஊசியில் நூல் கோக்க முடியாது. அந்த அரைநாளுக்கும் கூலி தரவேண்டும் என்ற கோரிக்கையும் பட்டியலோடு முதலாளியிடம் போகட்டும்.