முதலில் கொடிக்கால், பிறகு அலங்கார வளைவு

மதிப்பிற்குரிய மதுரை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

பண்பாட்டை முன்னிறுத்தி ஊர்களைப் புதுப்பிக்கும் திட்டங்கள் நம் மாவட்டத்தில் அடுத்தடுத்து வருகின்றன. சோழவந்தானுக்கும் ஒன்று வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். வரும்போது, ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்களின் பிழைப்பு எப்படி நடக்கிறது என்று முதலில் விசாரித்துவிட்டு, அதன்பின் வரைபடம் போடச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் என்றாலே வெற்றிலைதான். 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நீங்கள் ஒருநாள் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் வந்து பார்க்கவேண்டும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே இறங்குவார்கள். அகத்தி நிழலில், ஈரம் காயாத பாத்திகளுக்கு நடுவே, உயரே ஏறிவிட்ட கொடியை இறக்கி, சுருட்டி மண்ணில் புதைத்து, நுனியை மறுபடி அகத்தியோடு சேர்த்துக் கட்டுவார்கள். ஒடியாமல் இறக்கக் கை பழகியிருக்க வேண்டும். அந்தக் கைகளுக்கெல்லாம் வயதாகிவிட்டது. பிள்ளைகள் மதுரைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் தவறினால் கொடி வாடிவிடும். வாடிய கொடிக்காலைச் சான்றிதழ் காப்பாற்றாது.

பிழைப்பையும் மண்ணையும் முதலில் பார்க்கவேண்டும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே பாடம் இருக்கிறது. 2024 ஜனவரியில் கீழக்கரையில் ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. பெரிய அரங்கம், நல்ல வசதி. ஆனாலும் அலங்காநல்லூர் வாடிவாசலை அங்கே கொண்டுபோகாமல் விட்டதுதான் அரசு எடுத்த நல்ல முடிவு என்பேன். முதலில் கோயில் காளையை அவிழ்க்கும் முறையும், ஊர் மரியாதையும் அந்த மண்ணோடு ஒட்டியவை. மதுரைப் புதுமண்டபத்துத் தையல்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் வெளியேறியபோது, அவர்களுக்குக் குன்னத்தூர் சத்திரத்தில் கடைகள் ஒதுக்கினார்கள். திருமலை நாயக்கர் கட்டிய தூண்கள் வெளிச்சம் பெற்றன, தொழிலும் ஊரைவிட்டுப் போகவில்லை. இடமாற்றத்தில் அவர்களுக்குச் சிரமம் இல்லாமல் இல்லை. ஆனாலும் தொழிலுக்கு ஓர் இடம் கொடுத்துவிட்டுத் தூணைத் துடைப்பதே சரியான வரிசை.

ஸ்பெயினின் பில்பாவோ நகரத்தைப் பலரும் உதாரணம் காட்டுகிறார்கள். 1997இல் ஓர் அருங்காட்சியகம் வந்தது, ஊர் பிழைத்தது என்று. அழுக்கடைந்து கிடந்த ஆற்றைச் சுத்தப்படுத்தும் வேலை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியதையும், 1995இலேயே மெட்ரோ ஓடியதையும் யாரும் சொல்வதில்லை. எங்களுக்கும் ஆறு இருக்கிறது. திருவேடகத்தில் சம்பந்தரின் ஏடு எதிரேறியதாகச் சொல்லப்படும் அதே வைகைதான். கரையில் நடைபாதை போடும் முன் அதில் சாக்கடை கலப்பதை நிறுத்துங்கள்.

தென்கரையில் பிறந்த பாடகர், நடிகர் டி.ஆர்.மகாலிங்கத்தின் பெயரால் அந்த ஊரிலேயே ஆண்டுதோறும் ஓர் இசைவிழா நடத்தலாம். அதற்குக் கோடிகள் வேண்டாம். ஜெனகை மாரியம்மன் கோயில் வைகாசித் திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்துக்குக் கழிப்பறையும் குடிநீரும் வேண்டும். எந்தச் சிலையையும்விட அது அவசரம்.

திட்டக் குழுவில் கொடிக்கால் விவசாயிகளையும், வெற்றிலை கிள்ளும், கவுளி அடுக்கும் பெண்களையும் உறுப்பினராக்குங்கள். குத்தகை நிலத்தில் கொடி போட்டவர்களுக்கும் பயிர்க் காப்பீடும் நிவாரணமும் கிடைக்க வழி செய்யுங்கள். முதல் கூட்டத்தைப் பேரூராட்சி அலுவலகத்தில் வைக்காமல், காலை அறுவடை முடியும் நேரம் பார்த்துக் கொடிக்கால் வரப்பிலேயே வையுங்கள்.

இப்படிக்கு,
சோழவந்தான் குடிமகன் ஒருவன்