பீரோவில் தூங்கும் ரேமை எழுப்புங்கள்!



உங்கள் வீட்டுப் பீரோவில் புடவைக்கு அடியிலோ, பரண் மேலேயோ ஒரு பழைய லேப்டாப் இருக்கிறதா? நம் ஊரில் நிறைய வீடுகளில் இருக்கிறது. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய பிறகு, ப்ளஸ் டூ படித்த அண்ணன்களும் அக்காக்களும் வாங்கி வந்தவை. அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார், அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, லேப்டாப் மட்டும் வீட்டிலேயே இருக்கிறது. ஸ்கிரீன் உடைந்திருக்கும், இல்லாவிட்டால் சார்ஜர் போயிருக்கும். பழைய இரும்பு வாங்கும் வண்டி வரும்போது எடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கும்.

போடாதீர்கள் என்பதே என் கருத்து. லேப்டாப்பையே தூக்கிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அடியில் உள்ள மூடியைக் கழட்டினால் விரல் நீளத்தில் ஒரு சின்னப் பலகை இருக்கும். அதுதான் ரேம். அதை மட்டும் கொடுங்கள்.

எதற்கு என்று கேட்பீர்கள். நம் பள்ளியில் கணினியில் படம் வரைகிறவர்கள் ஐந்து பேர் இருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் மூன்று பேர், எட்டாம் வகுப்பில் ஒரு தம்பி, ஏழாம் வகுப்பில் ஒரு தங்கச்சி. கிரிட்டா என்ற மென்பொருளில் வரைகிறோம். அது முழுக்க இலவசம். (ஸ்வீடன் நாட்டு மொழியில் கிரிட்டா என்றால் சாக்பீஸ். சார் கையில் இருப்பதும் கிரிட்டாதான்!) மென்பொருளுக்குக் காசு வேண்டாம், ஆனால் கணினிக்கு வேண்டுமே. அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம்.

கணக்காகவே சொல்கிறேன். ஒரு ஏ4 தாள் அளவில், அச்சடிக்கிற தரத்தில் படம் வரைந்தால் 2480-க்கு 3508 புள்ளிகள். பெருக்கினால் சுமார் 87 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட். ஆக ஒரு லேயருக்கே சுமார் 35 எம்பி. வானம் ஒரு லேயர், மரம் ஒரு லேயர், ஆள் ஒரு லேயர், நிழல் ஒரு லேயர் என்று 20 லேயர் போட்டால் 700 எம்பி. பழைய லேப்டாப்பில் இருப்பதே 2 ஜிபி ரேம். அதில் பெரும்பங்கை விண்டோஸே சாப்பிட்டுவிடும். மீதி இடத்தில் கோயில் கோபுரம் வரைந்தால், ஒரு கோடு இழுத்துவிட்டு அது திரையில் வருவதற்குள் அம்மா கொடுத்த டீயைக் குடித்து முடித்துவிடலாம்.

போனிலேயே வரையலாமே என்று சிலர் சொல்றாங்க. யாருடைய போன்? எங்கள் வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடு காலையில் லோடு வண்டிக்குப் போய்விட்டு ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வரும். வந்ததும் தம்பிக்கு வீட்டுப்பாடம். என் முறை வரும்போது சார்ஜ் இருக்காது. போன் வீட்டுக்கே சொந்தம், பழைய லேப்டாப்பை யாரும் கேட்க மாட்டார்கள். எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

போன வருடம் என் தோழிக்கு அவள் பெரியம்மா மகள் ஒரு 4 ஜிபி ரேம் கொடுத்தார். ஸ்கிரீன் உடைந்த லேப்டாப்பில் இருந்து கழட்டியது. தோழியின் லேப்டாப்பில் ரேமுக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்றில் பழைய 2 ஜிபி இருந்தது. இரண்டையும் வைத்திருந்தால் அவளுக்கு 6 ஜிபி ஆகியிருக்கும். அவள் அந்த 2 ஜிபியைக் கழட்டி எட்டாம் வகுப்புத் தம்பியிடம் கொடுத்துவிட்டாள். அவனிடம் ஏற்கெனவே 2 இருந்ததால் 4 ஆனது.

இதைப் பற்றி எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. “கிடைத்ததை ஏன் விட வேண்டும், நாளைக்குத் தேவைப்பட்டால் யார் தருவார்கள்?” என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் தோழி பக்கம். 4 என்பது 6 ஆனால் படம் கொஞ்சம் வேகமாக நகரும், அவ்வளவுதான். 2 என்பது 4 ஆனால், வரையவே முடியாத ஒரு பையன் வரைய ஆரம்பிக்கிறான். அவன் இப்போது மாட்டுப் பொங்கல் காளை ஒன்றை எட்டு லேயரில் வரைந்து வைத்திருக்கிறான். கொம்பு மட்டும் சரியில்லை, அது ரேமின் குற்றம் அல்ல!

அதனால் எங்களுக்குள் ஒரு விதி வைத்திருக்கிறோம். புதிதாக ஒரு பொருள் மாட்டினால், கழட்டினது வீட்டில் தங்கக் கூடாது, அடுத்தவருக்குப் போக வேண்டும். குறைவாக வைத்திருப்பவருக்கே முதலில். விளையாட்டுக்காகக் கேட்பவர்களுக்குக் கடைசியில். கேம் ஆடும் அண்ணன்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. கிராபிக்ஸ் கார்டு, கிராபிக்ஸ் கார்டு என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு நாமும் அதற்கு ஏங்க வேண்டாம். நாம் வரைகிற சாதாரண படத்துக்கு முதலில் ரேம், அடுத்து எஸ்எஸ்டி. பழைய ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுற்றிச் சுற்றித்தான் தகவலை எடுக்கும். எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகமே கிடையாது, அதனால் சீக்கிரம் திறக்கும்.

டவுனில் ஒரு கடையில், “இதெல்லாம் செத்துப்போன மிஷின், புதுசு வாங்கு பாப்பா” என்றார்கள். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது உண்மைதான். விண்டோஸ் 11 இந்தப் பழைய மிஷின்களில் முறைப்படி ஏறாததும் உண்மைதான். அதற்காக மிஷின் செத்துவிட்டதா? லினக்ஸ் போட்டால் ஓடுகிறது, கிரிட்டா அதிலும் வேலை செய்கிறது. புதிது வாங்கலாம் என்றாலும், 2025 கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய பெரிய கணினிக் கூடங்களுக்கு மெமரி போகிறது என்று உலகம் முழுக்க ரேம் விலை ஏறியது. எங்கேயோ ஒரு இயந்திரம் படம் போடுவதற்காக நாங்கள் படம் போடுகிற ரேம் விலை ஏறியதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. “ஓசியில வாங்கி வரையுறாங்க” என்று. விதை நெல் பக்கத்துக் காட்டில் மாற்றி வாங்கும்போது யாராவது ஓசி என்பார்களா? பத்தாம் வகுப்பு அக்காவின் நோட்ஸ் நமக்கு வரும்போது? “பொம்பளப் புள்ள கையில எதுக்கு ஸ்குரூ டிரைவர்” என்று கேட்ட தாத்தாவுக்கும் இதே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டு, கழட்டி மாட்டுவது எங்கள் அம்மாதான் தாத்தா.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பு. ஹார்ட் டிஸ்க்கை அப்படியே யாருக்கும் கொடுக்காதீர்கள். ரேமில் மின்சாரம் போனால் உள்ளே எதுவும் தங்காது, பயமில்லாமல் தரலாம். ஹார்ட் டிஸ்க்கில் அக்காவின் போட்டோ, ஆதார் நகல், எல்லாம் இருக்கும். டெலிட் பண்ணி ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும் போகாது, மீட்டு எடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. டிஸ்க் முழுவதும் மேலே வேறு எழுதி நிரப்பினால்தான் அழியும். ஒரு அக்கா இந்தப் பயத்தால்தான் லேப்டாப்பைத் தரவே மாட்டேன் என்றார். அவர் பயந்தது சரி. அதனால் உரிமையாளர் முன்னாலேயே அழிக்காத எந்த டிஸ்க்கையும் நாங்கள் வாங்குவதில்லை. அழிக்க முடியாவிட்டால் அதை நீங்களே வைத்துக்கொண்டு மற்றதைத் தாருங்கள்.

கழட்டுவது கஷ்டமில்லை. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் எடுத்துவிட்டு, முதலில் ஒரு இரும்புக் கம்பியைத் தொடுங்கள், உடம்பில் உள்ள நிலை மின்சாரம் இறங்கிவிடும். இரண்டு பக்கக் கிளிப்பையும் விலக்கினால் ரேம் சாய்வாக எழும்பும். ஓரத்தைப் பிடித்து இழுக்கணும், தங்க நிறப் பற்களைத் தொடக் கூடாது. பற்கள் கறுத்திருந்தால் பென்சில் அழிக்கிற ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் போதும். டிடிஆர் 3-க்கு 204 பற்கள், டிடிஆர் 4-க்கு 260. வெட்டும் வேறு இடத்தில் இருக்கும். மாற்றி அழுத்தினால் உடையும், ஏன்னா அது அங்கே உட்காராது. ஸ்டிக்கரில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மாட்டுங்கள். உப்பிய பேட்டரி மட்டும் வேண்டவே வேண்டாம், அது தீப்பிடிக்கும். பள்ளிக் கணினி அறையில் இருப்பது எல்லாருக்கும் பொது, அதில் ஒரு ஸ்குரூவைக்கூட நாங்கள் தொட மாட்டோம் என்பதையும் சார்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

ஓவிய ஆசிரியர் அறை ஜன்னலில் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறோம். இன்றைக்கு அதில் இருப்பவை: டிடிஆர் 3 ரேம் 2 ஜிபி இரண்டு, ஒரு மவுஸ், பென் டேப்லெட்டுக்கு மூன்று நிப். ஏழாம் வகுப்புத் தங்கச்சிக்குத் தேவைப்படுவது 2.5 அங்குல எஸ்எஸ்டி, 120 ஜிபி போதும். அவள் மயில் ஒன்றை ஆரம்பித்துத் தோகை வரைக்கும் வந்து நிற்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் அங்கேதான் இருப்போம்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி