நூல் யாருடைய உடம்புக்கு?



வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் நாங்கள் நாலு பேர் ஈசா டவுனில் ஒருவர் வீட்டு முன்னறையில் கூடுவோம். தேத்தண்ணீர் ஆறும்வரை ஊர்க்கதை, அதன் பிறகு ஊசியும் நூலும். ஆவணி மாதத்தில் வெயில் 40 பாகையை எட்டும் பஹ்ரெயினில் இருந்துகொண்டு சுவெற்றர் பின்னுகிறோம் என்றால் சிரிக்காதவர்கள் இல்லை. கேட்பவர்களுக்கு எங்களிடம் இரண்டு பதில் உண்டு. ஒன்று, இங்கே வெளியில் நெருப்பு என்றால் உள்ளே ஏசி. பள்ளி பஸ்ஸிலும் வகுப்பறையிலும் கந்தோரிலும் பிள்ளைகளும் பெரியவர்களும் நடுங்குகிறார்கள். மற்றது, எங்கள் உறவுகள் எல்லோரும் வெயிலில் இல்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஒருவர் நோர்வேயில், ஒருவர் கனடாவில், ஒருவர் மண்டபம் முகாமில், ஒருவர் வவுனியாவில் என்று சிதறிக் கிடக்கிறோம். வளைகுடா நாடுகள் 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாதவை. ஆகவே எம்மை இங்கே யாரும் அகதி என்று பதிவதில்லை, வேலை விசாவில் வந்தவர்கள் என்றே கணக்கு. நினைத்தவுடன் போய்ப் பார்க்க முடியாத பிள்ளைக்கு நாங்கள் அனுப்பக் கூடியது கையால் செய்த ஒன்றைத்தான்.

அப்படி அனுப்பிய ஒன்றைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறோம்.

எங்களில் மூத்தவருக்கு நோர்வேயின் வடக்கே ஒரு தங்கை. நாலு வயதுப் பெறாமகனுக்காக அக்கா மூன்று மாதம் இருந்து ஒரு சுவெற்றர் பின்னினார். மனாமா சூக்கில் தேடி வாங்கிய நல்ல பருத்தி நூல், மொத்தமானது, கைக்கு மெத்தென்று இருந்தது. "பிள்ளையின்ரை தோலுக்குப் பருத்தியை விட நல்லது என்ன?" என்று நாங்களும் சொன்னோம். போகிறவர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினோம். தங்கை போனில், "நல்ல வடிவாயிருக்கு அக்கா" என்றார். படம் ஒன்றும் வந்தது, வீட்டுக்குள் எடுத்தது. அதற்குப் பிறகு வந்த எந்தப் படத்திலும் அந்தச் சுவெற்றர் இல்லை.

அடுத்த குளிர்காலம் வந்த பிறகுதான் தங்கை உண்மையைச் சொன்னார். "அக்கா, கோவிக்காதேங்கோ. பாலர் பள்ளியிலை பிள்ளை பனியிலை விளையாடி, சுவெற்றர் நனைஞ்சு, நடுங்கிக்கொண்டு நிண்டவன். ரீச்சர் ஒரு துண்டு எழுதிக் குடுத்து விட்டவ, பருத்தி போட வேண்டாம், கம்பளி போடுங்கோ எண்டு. நீங்கள் மூண்டு மாதம் இருந்து செய்தது எண்டு நான் சொல்லேல்லை."

அக்கா கோவிக்கவில்லை. ஆனால் இரண்டு வெள்ளிக்கிழமை ஊசியைத் தொடவில்லை. பிழை பின்னலில் இல்லை, ஒரு கண்ணியும் தவறவில்லை. ஈசா டவுன் வெயிலில் இருக்கும் எங்கள் உடம்பை வைத்து நாங்கள் நூலைத் தெரிவு செய்து விட்டோம். போட இருந்த உடம்பை நினைக்கவில்லை. அந்தப் பிழையை நீங்களும் செய்யாமல் இருக்க, நாங்கள் படித்ததைக் கீழே தருகிறோம்.

பருத்தி: வியர்வையை உறிஞ்சும், குத்தாது, அடிக்கடி தோய்க்கலாம், வெந்நீருக்கும் தாங்கும். வெப்ப நாட்டுக்கும் ஏசி அறைக்கும் இதுவே முதல் நூல். ஆனால் நனைந்தால் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. நனைந்த பருத்தி தோலோடு ஒட்டி உடம்பின் சூட்டை இழுத்துவிடும். எங்களுக்கு இங்கே சுகம் தருவது அதுதான், பனி நாட்டில் பிள்ளையை நடுங்க வைப்பதும் அதுதான். பாரமான பருத்திச் சுவெற்றர் நாளடைவில் இழுபட்டு நீளுவதும் உண்டு. கடையில் மினுமினுப்பாக இருக்கும் பருத்தி நூலைப் பார்த்திருப்பீர்கள். ஜோன் மேர்சர் என்ற ஆங்கிலேயர் 1844 இல் கண்டுபிடித்த முறைப்படி காரத்தில் பதப்படுத்திய நூல் அது. குரோசேப் பூ வேலைக்கு எடுப்பாக இருக்கும். தோலோடு படும் உடுப்புக்குச் சாதாரண பருத்தியே மெது.

கம்பளி: தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அதன் இழைகள் சுருண்டவை. அந்தச் சுருளுக்குள் காற்று நிற்கும், காற்று சூட்டைக் காக்கும். அதனால்தான் நோர்வேயில் கைக்குழந்தைக்குக் கூடத் தோலோடு மெல்லிய கம்பளி போடுகிறார்கள்.

"எனக்குக் கம்பளி ஒத்துவராது, கடிக்கும்" என்று சொல்பவர்கள் எம்மவர்களில் பலர். எங்களில் ஒருவருக்குக் கனடாவில் இருந்து மச்சாள் அனுப்பிய சுவெற்றரைத் தை மாதக் குளிரில் போட்டுக் கழுத்தெல்லாம் சிவந்தது. பெரும்பாலும் இது ஒவ்வாமை அல்ல, இழையின் மொத்தம். இழையை மைக்ரோன் என்ற அளவால் அளப்பார்கள். ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது. 30 மைக்ரோனுக்கு மேல் மொத்தமான இழையின் நுனி வளையாமல் தோலில் குத்தும். 20 மைக்ரோனுக்கும் குறைந்த மெரினோக் கம்பளியின் நுனி தோலில் பட்டதும் வளைந்துவிடும், குத்தாது. ஆகவே கடையில் வெறுமனே 'கம்பளி' என்று கேட்காமல் 'மெல்லிய மெரினோ' என்று கேளுங்கள். தோய்க்கும்போது கவனம். சூடு தண்ணீரும் கசக்குதலும் சேர்ந்தால் கம்பளி சுருங்கித் தடித்துப் போகும். மெஷினில் தோய்க்கக் கூடியதாகப் பதப்படுத்திய கம்பளியும் உண்டு. லேபலில் அதைக் குறித்திருப்பார்கள்.

அக்றிலிக்: மலிவு, நிறம் பல, மெஷினில் போடலாம். பழகுவதற்கு இதைவிட நல்ல நூல் இல்லை. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. வளைகுடா வெயிலில் போட்டால் புழுங்கும். நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கம்பளி அப்படி உருகாது, லேசில் பற்றிக்கொள்ளவும் மாட்டாது. ஆகவே அடுப்படியில் நிற்பவருக்கு அக்றிலிக் வேண்டாம். சூடான சட்டி பிடிக்கும் துணியைப் பருத்தியில் பின்னுங்கள்.

மூங்கில் நூல்: மூங்கிலைக் கூழாக்கி இரசாயன முறையில் இழுத்த செயற்கைப் பட்டு வகை இது. வழவழப்பும் குளிர்ச்சியும் உண்டு. ஈரத்தில் வலு குறையும். மெல்லிய சால்வைக்கு நல்லது, பிள்ளை இழுத்து விளையாடும் உடுப்புக்கு அவ்வளவு நல்லதல்ல.

இனி வாங்கும் முறை. நூற்பந்தைச் சுற்றியிருக்கும் கடதாசியை எறிய வேண்டாம். அதில் எடை, நீளம், எத்தனை மில்லிமீற்றர் ஊசி, எப்படித் தோய்ப்பது என்பதெல்லாம் இருக்கும். சாயத் தொகுதி இலக்கம் ஒன்றும் இருக்கும். எல்லாப் பந்திலும் அந்த இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் ஒரே நிறமாய்த் தெரிந்தது, பின்னி முடித்ததும் கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறமாய் நிற்கும். குழந்தைக்கு என்றால் 1992 இல் தொடங்கிய ஓகோ-ரெக்ஸ் ஸ்ராண்டர்ட் 100 என்ற முத்திரை உண்டா என்று தேடுங்கள். தீங்கான இரசாயனங்கள் இருக்கின்றனவா என்று சோதித்தபின் கொடுப்பது அது. அதில் முதல் வகுப்பு மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கானது.

நூலைக் கையால் தொட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். வேலை செய்து காய்த்த உள்ளங்கைக்கு எல்லாம் மெதுவாகத்தான் இருக்கும். கழுத்தில் வைத்துப் பாருங்கள், முழங்கையின் உட்பக்கத்தில் உரசிப் பாருங்கள். பின்னத் தொடங்குமுன் கையகலத்துக்குக் கொஞ்சம் பெரிதாக ஒரு சதுரம் பின்னுங்கள். நடுவில் 10 சென்ரிமீற்றருக்குள் எத்தனை கண்ணி என்று எண்ணி எழுதி வையுங்கள். பிறகு உடுப்பை எப்படித் தோய்ப்பீர்களோ அப்படியே தோய்த்து, தட்டையாக விரித்துக் காயவிட்டு மறுபடி அளவுங்கள். சுருங்கியதா, நீண்டதா என்று அந்தச் சதுரம் சொல்லிவிடும். ஒரு நாள் அதைச் சட்டைக் கழுத்தின் உட்பக்கம் இரண்டு தையல் போட்டு வைத்துக்கொண்டு நடமாடுங்கள். மாலையில் சொறிச்சல் இல்லாவிட்டால் அந்த நூல் நல்ல நூல். ஒரு நாள் வீணாகிறதே என்று நினைக்காதீர்கள், எங்களுக்கு மூன்று மாதம் போனது.

கைக்குழந்தைக்குப் பின்னும் தாய்மாருக்கு ஒரு சொல். பெரிய ஓட்டைகள் உள்ள குரோசே வேலை பார்க்க அழகு, ஆனால் சின்ன விரல் அதில் மாட்டிக்கொள்ளும். உட்பக்கம் நீண்ட நூல் விடாமல் இறுக்கி மறைத்து விடுங்கள். கழுத்தில் நாடா வேண்டாம். பொத்தானை இழுத்துப் பார்த்துத் தையுங்கள். மயிர் உதிரும் பஞ்சுபோன்ற நூலையும் தவிர்த்து விடுங்கள், அது வாய்க்குள் போகும்.

எங்கள் வீடுகளுக்கு இந்த வேலை புதிதல்ல. ஊரில் றேடியோவுக்கு மேல், ரீப்போவுக்கு மேல், சாய்மனைக் கதிரையின் தலைப்பக்கம் என்று அம்மம்மாமார் கொளுக்கி ஊசியால் பின்னிய விரிப்புகள் கிடந்தன. 1824 இல் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரி போன்ற மிசன் பள்ளிகளில் எழுத்தோடு ஊசி வேலையும் படிப்பித்தார்கள். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிசனரிப் பெண் 1820களில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னப் பழக்கினார். அடிமைகளாக இருந்த சில பெண்கள் அந்த வேலையில் கிடைத்த காசைக் கொண்டு தங்களை மீட்டுக்கொண்டார்கள். அவ்வளவு கனமான சரித்திரம் இந்த மெல்லிய நூலுக்கு உண்டு. பஹ்ரெயினிலும் பனீ ஜம்ரா என்ற கிராமம் கைத்தறிக்குப் பேர்போனது. நூலும் கையும் இங்கேயும் அந்நியமல்ல.

புதிதாக வந்து நாலு சுவருக்குள் இருக்கும் சகோதரிகளே, மொழி தெரியாவிட்டாலும் கடைக்காரரிடம் நூலைத் தொட்டுக் காட்டி வாங்கலாம். அயல்வீட்டுப் பெண்ணோடு பேச்சு இல்லாமலே ஒரு கண்ணி பழகலாம். எங்கள் நாலு பேரில் இருவரின் சினேகிதம் அப்படித்தான் தொடங்கியது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அரை மணிக்கொருமுறை ஊசியை வைத்துவிட்டு விரலையும் மணிக்கட்டையும் நீட்டி மடக்குங்கள்.

அக்காவின் கதையை முடித்துவிடுகிறோம். பெறாமகன் வளர்ந்துவிட்டான். பருத்திச் சுவெற்றரைத் தங்கை பத்திரமாக வைத்திருந்து, வந்த ஒருவரிடம் திருப்பி அனுப்பினார். நாங்கள் அதைக் கண்ணி கண்ணியாக அவிழ்த்தோம். நூலைக் கழியாகச் சுற்றிக் கழுவி, சுருக்கம் போகத் தொங்கவிட்டுக் காயவைத்தோம். அந்த நூல் இப்போது ஒரு மெல்லிய சால்வை. ஈசா டவுனில் ஏசி வகுப்பறையில் நடுங்கிக்கொண்டிருந்த எங்களில் ஒருவரின் மகள் அதைப் போர்த்துக்கொண்டு போகிறாள். நோர்வேக்கு இம்முறை மெல்லிய மெரினோ. நூல் வாங்குமுன் அக்கா போன் எடுத்து மூன்று கேள்வி கேட்டார்: "அங்கை எவ்வளவு குளிர்? எங்கை போட்டுக்கொண்டு போவான்? ஆர் தோய்க்கிறது?"

இந்த மூன்றையும் கேட்டபின் நீங்களும் நூற்கடைக்குப் போங்கள். அடுத்த இதழில், சங்கிலிக் கண்ணியில் தொடங்கிப் பிள்ளைக்கு ஒரு தொப்பி. உங்கள் அனுபவங்களையும் எழுதி அனுப்புங்கள்.