வயசுதான் வியாதி என்றால் வைத்தியம் எங்கே சார்?

போன மாதம் எங்கள் ஆச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தோம். வயது 81. இடுப்பெலும்பு முறிந்து பிளேட் வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. சர்க்கரை இருபது வருட சொந்தம், பிரஷர் அதற்கும் மூத்தது. இப்போது புதிதாக மறதி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். டாக்டர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "இதெல்லாம் வயசுதாம்மா. வயசுதான் இவங்களுக்கு வியாதி."

அம்மா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. எலும்புக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர், மறதிக்கு ஒருவர். நாலு பேரும் சேர்ந்து கைகாட்டும் அந்த மூல வியாதிக்கு மட்டும் ஆளே இல்லை! அதற்கு மருந்து தேடச் சொல்லி எந்த அரசாங்கமும் உருப்படியாகக் காசு ஒதுக்கவில்லை. ஒதுக்கச் சொல்லி நாமும் கேட்கவில்லை. என் கோபம் இந்த இரண்டாவது விஷயத்தின் மேல்தான்.

ஹாஸ்டலில் இதைச் சொன்னபோது, "டேய், இரணியன் மாதிரி சாகா வரம் கேக்குறியா?" என்று ஓட்டினார்கள். இல்லை சாமி. சாகாமல் இருப்பதைப் பற்றி நான் பேசவே இல்லை. 81-ல் வரும் மறதி 90-ல் வந்தால் என்ன என்றுதான் கேட்கிறேன்.

கொஞ்சம் கணக்கு. பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1825-லேயே கண்டுபிடித்த விஷயம் இது: நடுவயதுக்குப் பிறகு மனிதன் சாகும் வாய்ப்பு கிட்டத்தட்ட எட்டு வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. மாரடைப்பு, புற்றுநோய், பக்கவாதம், மறதிநோய் எல்லாம் வயதோடு சேர்ந்தே ஏறுகின்றன. அதனால்தான் நாளைக்கே புற்றுநோய் மொத்தமும் ஒழிந்தாலும் சராசரி ஆயுள் சுமார் மூன்று வருடம்தான் கூடும் என்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். புற்றுநோயில் தப்பியவரை அடுத்த வாசலில் இதயநோய் பிடித்துக்கொள்ளும். கூரையில் பத்து ஓட்டை இருக்க, ஒரு ஓட்டையின் கீழே மட்டும் தங்கக் குடம் வைத்துத் தண்ணீர் பிடிக்கிறோம்.

கூரையையே சரி செய்ய முடியுமா? "இயற்கையை மாற்ற முடியாது" என்று ஜல்லியடிப்பவர்கள் இரண்டு தகவலைப் பார்க்கட்டும். 1993-ல் சிந்தியா கென்யன் குழு ஒரு நுண்புழுவில் ஒரே ஒரு மரபணுவை மாற்றி அதன் ஆயுளை இரட்டிப்பாக்கியது. புழுவோடு நிற்கவில்லை. 2009-ல் அமெரிக்க அரசின் பணத்தில், மூன்று ஆய்வுக்கூடங்களில் தனித்தனியாக, 600 நாள் வயதான எலிகளுக்கு (அதாவது எலிகளில் தாத்தா பாட்டிகளுக்கு) ராபமைசின் கொடுத்தார்கள். ஆயுளின் மேல் எல்லை பெண் எலிகளுக்கு 14 விழுக்காடும் ஆண் எலிகளுக்கு 9 விழுக்காடும் கூடியது.

அந்த ராபமைசினின் கதையே தனிக்கதை. அறுபதுகளில் ஈஸ்டர் தீவிலிருந்து கனடாவுக்குக் கொண்டுவந்த மண்ணில் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்தவர் பிரிக்கப்படாத பஞ்சாபில் பிறந்த சுரேன் சேகல். எண்பதுகளில் கம்பெனி மான்ட்ரியல் ஆய்வுக்கூடத்தை மூடியது, ராபமைசினைக் கிடப்பில் போட்டது. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போய் வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார்! பிறகு கம்பெனி கைமாறி, ஆராய்ச்சி மறுபடி தொடங்கி, 1999-ல் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாக அது வெளிவந்தது. ஒரு தனிமனிதரின் வீட்டு ஐஸ்பெட்டியை நம்பி விஞ்ஞானம் பிழைத்திருக்கிறது. எல்லா மருந்துக்கும் ஒரு சேகல் வாய்ப்பாரா?

இப்போது மேட்டருக்கு வருகிறேன். ஆச்சி தினமும் முழுங்கும் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின். 1957 முதல் புழக்கத்தில் இருக்கிறது, காப்புரிமை எப்போதோ காலாவதி. அது முதுமையையே கொஞ்சம் தள்ளிப்போடுமோ என்று ஒரு சந்தேகம். நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த நிர் பார்சிலாய் ஒரு திட்டம் போட்டார். சர்க்கரை இல்லாத, 65 முதல் 79 வயதுக்குட்பட்ட 3000 பேர். ஆறு வருடம். பாதிப் பேருக்கு மெட்ஃபார்மின், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், மறதிநோய், மரணம் எல்லாம் சேர்ந்து தள்ளிப்போகிறதா என்று பார்ப்பது. பெயர் 'டேம்'. 2015-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் போய்ப் பேசியும் விட்டார்கள்.

ஆரம்ப மதிப்பீடு 3 முதல் 5 கோடி டாலர், பிறகு ஏறியது. பத்து வருடம் ஓடியும் முழுப்பணம் சேரவில்லை. காரணம் எளிது. ஒரு மாத்திரை ஓரிரண்டு ரூபாய்க்கு விற்கும் மருந்தை நிரூபித்து எந்தக் கம்பெனி லாபம் பார்க்கும்?

ஒன்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். மெட்ஃபார்மின் வேலை செய்யும் என்று நான் சத்தியம் பண்ணவில்லை. 2014-ல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, இதைச் சாப்பிடும் சர்க்கரைக்காரர்கள் சர்க்கரையே இல்லாதவர்களைவிட அதிகம் வாழ்வதாகச் சொன்னது. 2022-ல் டென்மார்க் தரவுகளில் தேடியபோது அந்த அதிசயத்தைக் காணோம். எலிகளிலும் தனியாகக் கொடுத்தபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சரி, அப்படியானால் சோதித்துப் பார்த்து "இல்லை" என்றாவது முடிக்கலாமே! கோடிக்கணக்கானவர்கள் தினமும் முழுங்கும் மாத்திரையைப் பற்றிய ஒரு கேள்விக்கு, ஆம் இல்லை என்று பதில் சொல்லப் பணம் இல்லை என்பதுதான் வெட்கக்கேடு.

ஏன் பணம் இல்லை? கேட்க வேண்டியவர்கள் சரியாகக் கேட்கவில்லை. அமெரிக்காவில் ஜோல்டான் இஸ்த்வான் என்பவர் 2015-ல் சவப்பெட்டி வடிவத்தில் ஒரு பஸ் செய்து, அதற்கு 'அமரத்துவ பஸ்' என்று பெயர் வைத்து, அதிபர் தேர்தலுக்கு நாடு முழுக்கச் சுற்றினார். டிவிக்காரர்களுக்குக் கொண்டாட்டம், ஆராய்ச்சிக்குக் கிடைத்தது பூஜ்யம். ஜெர்மனியில் 2015-ல் இதற்காகவே ஒரு கட்சி ஆரம்பித்தார்கள். 2019 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் கிடைத்தது சுமார் 0.2 விழுக்காடு. (நம்மூரில் நோட்டாவே அதைவிட அதிகம் வாங்கும்!) பாவம், நல்லவர்கள்தான். ஆனால் "சாவை ஒழிப்போம்" என்று தொடங்குகிறவனுக்கு வேலைக்குப் போகிறவன் ஓட்டுப் போடமாட்டான்.

சரியாகக் கேட்டவர்களைப் பாருங்கள். 1969 டிசம்பரில், மேரி லாஸ்கர் என்ற பெண்மணி பின்னின்று நடத்திய இயக்கம், நியூயார்க் டைம்ஸில் அதிபர் நிக்சன் பெயரைச் சொல்லி முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. உங்களால் புற்றுநோயைக் குணப்படுத்த முடியும் என்று தலைப்பு. இரண்டு வருடத்தில், 1971 டிசம்பரில், தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் நிக்சன் கையெழுத்துப் போட்டார்.

அதைவிட எனக்குப் பிடித்தது 'ஆக்ட் அப்'. 1987-ல் நியூயார்க்கில், செத்துக்கொண்டிருந்த எய்ட்ஸ் நோயாளிகளும் நண்பர்களும் சேர்ந்து ஆரம்பித்தது. 1988 அக்டோபரில் எஃப்.டி.ஏ. அலுவலகத்தையே முற்றுகையிட்டார்கள். 1989 செப்டம்பரில் நியூயார்க் பங்குச்சந்தைக்குள் புகுந்து சங்கிலியால் தங்களைக் கட்டிக்கொண்டார்கள். சில நாட்களில் ஏ.இசட்.டி. மருந்தின் விலை 20 விழுக்காடு குறைந்தது. கத்தினார்கள் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். உட்கார்ந்து படித்தார்கள். எந்தச் சோதனை, எந்த விதி, எந்த அதிகாரி, எவ்வளவு டாலர் என்று விரல்நுனியில் வைத்துக்கொண்டு பேசினார்கள். 1996-ல் கூட்டு மருந்து வந்தது.

"வந்தாலும் பணக்காரனுக்குத்தானே கிடைக்கும்?" இதுதான் நான் மதிக்கும் எதிர்க்கேள்வி. பயம் நியாயமானது. 2025 செப்டம்பரில் பெய்ஜிங் அணிவகுப்பில் சீன அதிபரும் ரஷ்ய அதிபரும் உறுப்பு மாற்று பற்றியும் 150 வயது பற்றியும் பேசிக்கொண்டு போனது மைக்கில் பதிவாகிவிட்டது, நினைவிருக்கும். 2022-ல் ஆல்டோஸ் லேப்ஸ் என்ற தனியார் நிறுவனம் 300 கோடி டாலரோடு ஆரம்பித்தது. நாம் கேட்காததால் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. நம் கையை விட்டுப் போகிறது, அவ்வளவுதான். அதியமானுக்குக் கிடைத்தது ஒரே நெல்லிக்கனி. அவன் அதை ஔவைக்குக் கொடுத்தான். கோடீஸ்வரர்கள் எல்லோரும் அதியமான்கள் என்று யாராவது நம்பினால் அவர்களோடு எனக்குப் பேச்சில்லை :-)

விலைக்கும் எய்ட்ஸ் கதையிலேயே பதில் இருக்கிறது. இந்தியாவில் அந்தக் கிருமியை முதலில் கண்டறிந்தது 1986-ல் சென்னையில், சுனிதி சாலமன், நிர்மலா இருவரும்தான். பிறகு வந்த கூட்டு மருந்துக்கு மேல்நாட்டில் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவானது. 2001-ல் நம் சிப்லா கம்பெனி அதை 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. மருந்து என்று ஒன்று இருந்தால்தான் அதை மலிவாக்கச் சண்டை போட முடியும்.

ஜனத்தொகை பெருகும் என்பவர்களுக்கு ஒரு வரி போதும். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான். நம் பிரச்சினை நேர் எதிரானது. 2050-ல் இந்தியாவில் ஐந்தில் ஒருவர் 60 தாண்டியவர். இவர்களை யார் பார்த்துக்கொள்வது? ஏழை முதியோர் பென்ஷனில் 60 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். டீ குடிக்கவும் காணாது. முதலில் அதை ஏற்று என்று சொன்னால் ஏற்றத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆராய்ச்சிப் பணத்தைப் பென்ஷனிலிருந்தா பிடுங்கச் சொல்கிறேன்? சந்திரயான்-3-க்குச் செலவு 615 கோடி. மெட்ஃபார்மின் சோதனையின் ஆரம்ப மதிப்பீடு அதிகபட்சமாகப் பார்த்தாலும் நம் கணக்கில் நானூற்றுச் சொச்சம் கோடி. நிலாவுக்குப் போனதில் எனக்கும் பெருமைதான். அந்தக் காசில் இதையும் ஒரு தடவை செய்து பார்க்கலாம் என்கிறேன்.

நமக்குத் தகுதி இல்லையா என்ன? 1978-ல் சென்னை அரசு பொதுமருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப்பிரிவு தொடங்கினார் டாக்டர் வி.எஸ்.நடராஜன். நாட்டுக்கே முன்னோடி. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறந்தார்கள். மருந்து நம்மிடம் தயாராகிறது, நோயாளிகளுக்கும் பஞ்சமில்லை. ஐ.சி.எம்.ஆர். நினைத்தால் கிண்டியிலிருந்தே சோதனையைத் தொடங்கலாம். இதைக் கேட்டு நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி எழுப்ப எம்.பி. ஒருவர் போதும். எங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். வகுப்பில் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் மெஸ்ஸில் என்னைப் பிடிக்கலாம், பேனா என்னிடமே இருக்கிறது.

ஆச்சியிடமும் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "எய்யா, அந்த மாத்திரையத்தான் நான் தெனமும் ரெண்டு முழுங்குதேனே, இன்னும் எதுக்கு லெட்டர் போடுத?" என்றாள். பத்து நிமிடம் கழித்து, கையில் என்ன காகிதம் என்று மறுபடியும் கேட்டாள். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன்.