அடுக்களை அலமாரிக்கு வர்ணம் பூசுமுன்



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று காலைத் திருப்பலி முடிந்து, சக்ரீஸ்தில் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தேன். நம் பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் வாயிலருகே வந்து நின்றார். அவருடைய மூத்த மகள் தலைப்பிரசவத்திற்காகத் தாய்வீடு வரவிருக்கிறாள். அதற்குள் அடுக்களை அலமாரிகளையும், பழைய தொட்டிலையும், இரண்டு நாற்காலிகளையும் புதுப்பித்துவிட வேண்டும் என்பது அவரது ஆவல்.

"சாமி, கடைக்காரர் தண்ணீர்ப் பெயின்ட் வாங்கச் சொல்கிறார். ஸ்பிரே அடிக்கிற தம்பியோ, அது நாலு மாதம்கூடத் தாங்காது, பழைய எனாமலையே அடிக்கலாம் என்கிறான். எது நல்லது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்றவனிடம் வர்ணத்தைப் பற்றி ஏன் கேட்க வேண்டும் என்று சிலர் நகைக்கக்கூடும். ஆனால் இதைப்பற்றிப் பேச எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நானே செய்த ஒரு தவறு. மற்றொன்று, ஒரு மனிதரின் மரணப் படுக்கை.

முதலில் என் தவறு. சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கிய வேளையில், கோயில் சுவருக்குப் பூசி எஞ்சிய எமல்ஷன் வர்ணத்தை வீணாக்குவானேன் என்று எண்ணி, சக்ரீஸ்து அலமாரியின் தட்டுகளுக்குப் பூசச் சொன்னேன். கார்த்திகை மாதத்து ஈரக்காற்று வேறு. மறுநாளே தொட்டுப் பார்த்தோம், காய்ந்திருந்தது. பீடத் துணிகளை மடித்து அடுக்கினோம். விழாவுக்கு முந்தைய நாள் எடுக்கப்போனால், துணிகள் தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன. பூசை நூலின் அட்டையோ தன் தோலில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தது. "சாமி, சுவருக்கு உள்ளதைச் சுவருக்குத்தான் பூச வேண்டும்" என்று உபதேசியார் மெல்லச் சொன்னார். மறுமொழி கூற என்னிடம் ஒன்றுமில்லை.

ஏன் அவ்வாறு ஒட்டிக்கொண்டது? நீர்க்கலப்பு வர்ணத்தில் நுண்ணிய பிசின் துகள்கள் நீரில் மிதக்கின்றன. நீர் ஆவியானதும் அவை ஒன்றோடொன்று நெருங்கி, இணைந்து, ஒரே படலமாகின்றன. சுவர் எமல்ஷனில் இப்பிசின் சற்று மென்மையானது. சுவரின்மேல் யாரும் பாத்திரம் அடுக்குவதில்லை. ஆதலால் அங்கு அது குறையன்று. அலமாரித் தட்டின்மேல் பாரம் ஏறினால், கதவு சட்டத்தோடு அழுந்தினால், அம்மென்மை பசையாகிவிடும். எனவே "தண்ணீர்ப் பெயின்ட் தாங்காது" என்ற தம்பியின் கூற்று, சுவர் எமல்ஷனைப் பொறுத்தமட்டில் உண்மையே.

ஆயினும் இன்று மரத்திற்கும் இரும்பிற்குமென்றே செய்யப்பட்ட நீர்க்கலப்பு எனாமல்கள் கிடைக்கின்றன. கடினமான அக்ரிலிக் பிசினாலோ, அக்ரிலிக்கும் பாலியூரிதேனும் கலந்தோ செய்யப்பட்டவை அவை. டப்பாவின்மேல் "மரம், உலோகம்" என்று எழுதியிருக்கிறதா என்பதே வாங்குவோர் பார்க்கவேண்டிய முதற் செய்தி. ஸ்பிரே அடிக்கலாம் என்றும், அடிக்கும்போது எவ்வளவு நீர் சேர்க்கலாம் என்றும் குறித்திருக்கிறதா என்பது இரண்டாவது.

எண்ணெய் எனாமலின் இயல்பு வேறு. அது டர்பன்டைன் போன்ற கரைப்பானில் கரைந்திருப்பது. கரைப்பான் ஆவியான பின், காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்றுச் சிறுகச் சிறுக இறுகுகிறது. அதன் பளபளப்பும் உறுதியும் மறுக்க முடியாதவை. ஆனால் வெள்ளை எண்ணெய் எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சள் பூத்துவிடும். அலமாரியின் உட்புறமோ எந்நேரமும் இருட்டு. நல்ல அக்ரிலிக் வர்ணம் அவ்வளவாக மஞ்சளாவதில்லை. மேலும், எண்ணெய் எனாமலிலிருந்து வெளியேறும் கரைப்பான் பொதுவாக லிட்டருக்கு 300 கிராமுக்கும் மேற்பட்டது. நீர்க்கலப்பு எனாமலில் இவ்வளவு மிகக் குறைவு. டப்பாவிலோ நிறுவனத்தின் குறிப்பேட்டிலோ இக்கணக்கைக் காணலாம். கருவுற்ற பெண்ணும், பச்சிளங் குழந்தையும், ஆஸ்துமா உள்ளவர்களும் வாழும் வீட்டில் இவ்வேறுபாடு சிறிதன்று.

ஓர் எச்சரிக்கை. நீர்க்கலப்பு வர்ணங்களிலேயே இரண்டு டப்பாக்களாக விற்கப்படுவன உண்டு. ஒன்றில் வர்ணம், மற்றதில் இறுக்கி. இவற்றின் உறுதி மிகுதியே. ஆனால் பாலியூரிதேன் வகை இறுக்கிகளில் ஐசோசயனேட் என்னும் பொருள் இருக்கிறது. அதைப் பனிப்புகைபோல் தெளிக்கையில் சுவாசிப்பவருக்குத் தீராத ஆஸ்துமா வரக்கூடும். தக்க காற்றோட்டமும் கருவிகளும் உள்ள பட்டறைக்கே அது உரியது. வீட்டு முற்றத்தில் வேண்டாம். ஒரே டப்பா வர்ணமே இல்லத்திற்குப் போதும்.

இனி, பூசுமுன் செய்யவேண்டியவை. பழைய பூச்சு எவ்வகையெனத் தெரியாவிட்டால், பஞ்சில் சிறிது ஸ்பிரிட்டை நனைத்து ஓரமாகத் தேய்த்துப் பாருங்கள். மென்மையாகிப் பஞ்சில் நிறம் ஏறினால் அது பெரும்பாலும் நீர்க்கலப்பு வர்ணம். அசையாதிருந்தால் பெரும்பாலும் எண்ணெய் எனாமல். எனாமலின் வழவழப்பின்மேல் புது வர்ணம் பிடிக்காது. அதை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, பிடிப்புத் தரும் பிரைமர் பூச வேண்டும்.

ஆனால் பழைய வர்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி பறக்கவிடாதீர்கள். நம் நாட்டில் வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்ற விதி 2016ஆம் ஆண்டு வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்ட எனாமலில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் மிகுந்திருக்கக்கூடும். அத்தூசி கருவிலிருக்கும் சிசுவின் மூளையையும் தாக்கும். எனவே வாட்டர் பேப்பரை நீரில் நனைத்துத் தேயுங்கள். வழிந்த சேற்றைத் துணியால் துடைத்து அகற்றுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அவ்விடத்தில் இருக்கலாகாது. நான் அந்த நண்பரிடம், "தொட்டிலுக்கு வயது என்ன?" என்று கேட்டேன். அவர் பிறந்தபோது வாங்கியதாம்! "அதைச் சுரண்டவும் வேண்டாம், பூசவும் வேண்டாம், குழந்தைக்குச் சேலையில் தூளி கட்டுங்கள்" என்றேன்.

புது மரமாயின், நீர் பட்டதும் அதன் நார்கள் சிலிர்த்தெழும். முதற் பூச்சுக்குப் பின் 220 எண் உப்புத்தாளால் மென்மையாகத் தேய்த்தால் சரியாகிவிடும். சில மரங்களின் சாறு வெள்ளை வர்ணத்தில் பழுப்புக் கறையாக ஊறி வரும். அதற்குக் கறை தடுக்கும் பிரைமர் உண்டு. எம்டிஎஃப் பலகையின் வெட்டு விளிம்புகள் நீரை உறிஞ்சி உப்பிவிடும். அவற்றை முதலில் அடைத்துவிட வேண்டும். நோவா பேழையை உள்ளும் புறமும் கீல் பூசி அடைத்ததாகத் தொடக்க நூல் கூறுகிறதன்றோ? கதவின் இரு முகங்களுக்கும் சமமாகப் பூசுங்கள். ஒரு முகத்தில் மட்டும் பூசினால் ஈரம் மறுமுகத்தில் ஏறி, கதவு வளைந்துவிடும்.

ஸ்பிரே அடிப்பதற்கும் முறையுண்டு. நீர்க்கலப்பு எனாமல் கெட்டியானது; கம்ப்ரஸரோடு இணைந்த துப்பாக்கிக்கு ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர் துளை பொருந்தும். டப்பா அனுமதிக்கும் அளவுக்கு மேல் நீர் சேர்த்தால் வர்ணம் வழியும், படலமும் வலுவிழக்கும். மெல்லிய துணியில் வடிகட்டி, முதலில் ஓர் அட்டையில் அடித்துப் பாருங்கள். சுமார் 20 சென்டிமீட்டர் தூரத்தில் நேராகப் பிடித்து, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடுமாறு, மெல்லிய பூச்சுகளாக இரண்டு முறை அடித்தல் நன்று. தடித்த ஒரே பூச்சு ஒருபோதும் வேண்டாம்.

அளவையும் கணக்கிடுவோம். இரண்டு அடி உயரமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள பன்னிரண்டு கதவுகள் என்று கொள்வோம். இரு முகங்களும் சேர்ந்து 72 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு 144. ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி வரும். ஸ்பிரேயில் ஒரு பங்கு காற்றோடு போகும் என்பதால் இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் தேவைப்படும். இரண்டொரு நாற்காலி மட்டுமே என்றால் துப்பாக்கியே வேண்டாம். நல்ல பிரஷ் போதும்.

எல்லாவற்றினும் அரியது பொறுமை. சில மணி நேரத்தில் கை ஒட்டாமல் காயும். ஆனால் முழுதும் இறுக மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். அடைமழைக் காலத்தில் இன்னும் மிகுதியாகும். திருவிழாவுக்கு முந்தைய வாரம் பூசி, மறுநாளே பாத்திரம் அடுக்குபவர்கள் என் பீடத் துணிகளை நினைத்துக்கொள்ளட்டும். கரையான் அரித்த பலகையைப் பட்டி வைத்து மூடிப் பளபளப்பாக்குவோருக்கு ஒன்று சொல்வேன்: ஆண்டவர் வெள்ளையடித்த கல்லறையை உவமை காட்டியது மனிதருக்காகவே, எனினும் மரத்திற்கும் அது பொருந்தும்.

இனி அந்த மரணப் படுக்கை. என் முந்தைய பங்கில், இருபது ஆண்டுகளுக்கு மேல் ஸ்பிரே வேலை செய்த ஒருவருக்கு நோயிற்பூசுதல் அளித்தேன். அவர் முகத்தில் கட்டியது ஒரு துண்டு மட்டுமே. அவர் சுவாசித்த வர்ணப் புகையும் பிடித்த பீடியும் சேர்ந்தே நுரையீரலைக் கெடுத்தன என்றார் மருத்துவர். "சாமி, நான் பூசின வீடெல்லாம் பளபளன்னு இருக்கு, என் நெஞ்சுக்குள்ளதான் எல்லாம் படிஞ்சுபோச்சு" என்றார் அவர். அச்சொல் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

ஆகவே, நீர்க்கலப்பு என்றதும் தீங்கே அற்றது என்று எண்ணிவிடலாகாது. தெளிக்கும்போது எழும் நுண்துளிகள் எதுவாயினும் நெஞ்சில் படிவனவே. துண்டு அதைத் தடுக்காது. முகத்தோடு இறுகப் பொருந்தும் வடிகட்டி முகக்கவசம் வேண்டும். அதை வாங்கித் தருவது யார் கடமை? கூலிக்கு அழைக்கும் நம் கடமையே. ஆயிரக்கணக்கில் செலவிட்டு அலமாரியை அழகாக்கும் நாம், அதைச் செய்யும் தம்பியின் மூச்சுக்குச் சில நூறு ரூபாய் கொடுக்கத் தயங்குவது நீதியாகுமா? 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். ஆண்டுக்கொருமுறை அத்தச்சருக்கு மாலை சூட்டுவதோடு நம் பக்தி முடிந்துவிடலாகாது. அவ்வாறே, துப்பாக்கி கழுவிய நீரைக் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். மண்ணும் நீரும் நம் பொது இல்லம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் நினைவூட்டிச் சென்றார்.

நண்பர் நான் கூறியதைக் கேட்டுக்கொண்டார். கதவுகளைக் கழற்றித் தம் தம்பியின் தோப்புக் கொட்டகைக்குக் கொண்டுசென்று, அங்கேயே வேலையை முடித்தார். சட்டங்களை மட்டும் சன்னல்களைத் திறந்துவைத்துப் பிரஷால் பூசினார். ஸ்பிரே அடிக்கும் தம்பி முதலில் முகக்கவசத்தை வேண்டாமென்றானாம், பிறகு, "அண்ணே, வேலை முடிந்ததும் இதை நானே வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டானாம். இதை எழுதும் வேளையில் அக்கதவுகள் கொட்டகையில் இறுகிக்கொண்டிருக்கின்றன. இன்னும் இரண்டு வாரம் கழித்தே மாட்டுவார்கள். மகள் வருவது அதற்கும் பின்னரே.

உங்கள் இல்லங்களில் அழகும், அங்கு உழைப்போருக்கு நலமும் ஒருங்கே விளங்க ஆண்டவர் அருள்வாராக.